போனில் இருந்த மனிசன்

காதுமெசின் வாங்கிய பிறகுதான் முத்தலிப்பின் வீட்டில் சண்டை கூடியது.

அதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒழுங்காகச் சண்டை போடவே முடியாது. சபீனா ஒன்றைச் சொல்வாள், அது அவருக்கு வேறொன்றாகக் கேட்கும். குசினியிலிருந்து அவள் "புளி எடுத்துட்டு வாங்க" என்றால் அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய் நிற்பார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். மெசின் வந்ததும் சண்டைக்கு ஒரு தெளிவான காரணம் கிடைத்தது.

"போட்டீங்களா?"

போடவில்லை என்பது பார்த்தாலே தெரியும். ஆனாலும் காலையில் ஒரு தரம், பகலில் ஒரு தரம், கடைக்கு ஆள் வந்து போன பிறகு ஒரு தரம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். சில நாட்களில் மெசின் இருக்கும் சின்னப் பெட்டியை அலுமாரியிலிருந்து எடுத்து, தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பெட்டியை விட்டுவிட்டு எழுந்து போவார்.

முத்தலிப்புக்கு அறுபது வயது இன்னும் ஆகவில்லை. இருபது வருடங்களுக்கு மேல் தோஹாவில் ஜெனரேட்டர் அறையில் வேலை செய்துவிட்டு, மூன்று வருடங்களுக்கு முன்னால்தான் காத்தான்குடிக்குத் திரும்பியிருந்தார். அந்த வெக்கையில் காதுமூடியைப் போட்டுக்கொண்டு நிற்பவர்கள் குறைவு. இவரும் போடவில்லை. கேள்வி எப்போது குறையத் தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. ஊருக்கு வந்து, வீட்டோடு சேர்த்து ஒரு சின்ன ஹாட்வெயர் கடையைத் திறந்த பிறகுதான் அது எல்லோருக்கும் தெரிந்தது. வந்தவர் பைப் கேட்பார், இவர் பல்ப் எடுப்பார். ஒரு மாதத்துக்குள் சபீனா கடைக்குள் வந்து ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வந்தவர் சொல்வதைக் கேட்டு, அவர் பக்கம் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து சத்தமாகச் சொல்வாள். நாளடைவில் வருகிறவர்கள் நேரே அவளிடமே கேட்கத் தொடங்கினார்கள்.

ஏறாவூரில் கலியாணம் முடித்திருந்த மகள் ஸுஹைனாதான் பிடிவாதமாக நின்று இரண்டு காதுக்கும் மெசின் வாங்கிக் கொடுத்தாள். போட்ட முதல் நாள் முத்தலிப் வெருண்டுபோனார். கோப்பையைத் தட்டில் வைத்தால் உடைந்ததுபோலக் கேட்டது. ஆணியைத் தராசில் கொட்டியபோது தலைக்குள் தகரம் விழுந்தது. செருப்புச் சத்தத்தை யாரோ பின்னால் வருவதாக நினைத்து இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது நௌஷாட் என்ற பழைய கூட்டாளி, தன் காதைத் தொட்டுக் காட்டி, "என்ன மச்சான், இந்த வயசிலயே மெசினா?" என்று கேட்டான். அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். முத்தலிப்பும் சிரித்தார். வீட்டுக்கு வந்து இரண்டையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, அலுமாரியில் சபீனாவின் சாரிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

மெசின் பொருத்திக் கொடுத்த இடத்தில் மறுபடியும் வரச் சொல்லியிருந்தார்கள். மட்டக்களப்பு டவுனில் இருந்தது அந்த நிலையம். சபீனாதான் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே காது பரிசோதிப்பவள் ஸாதியா, ஓட்டமாவடி ஊர்ப் பிள்ளை. முப்பது வயது கடந்திருக்கும். கத்திப் பேசமாட்டாள். கதிரையை இழுத்து அவருக்கு நேரே போட்டு, முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுவாள்.

"காக்கா, மெசின் எப்படி இரிக்கி?"

"அவர் போடுறதே இல்ல மிஸ்," என்றாள் சபீனா.

"வீட்டில கொஞ்ச நேரமாவது போட்டுப் பாத்தீங்களா?"

"அலுமாரிக்குள்ளதான் கெடக்கு மிஸ். நானும் சொல்லிச் சொல்லி..."

ஸாதியா சபீனாவின் கையைத் தொட்டாள். "ராத்தா, கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நேரம் காக்காவே பேசட்டும். எவ்வளவு நேரம் எடுத்தாலும் பரவாயில்ல."

சபீனா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"காக்கா, இந்த மெசினப் போடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? தேவையே இல்லெண்டா பூச்சியம். கட்டாயம் வேணுமெண்டா பத்து. நீங்க எத்தின சொல்லுவீங்க?"

முத்தலிப் யோசித்துவிட்டு, "ரெண்டு" என்றார்.

சபீனாவின் வாய் திறந்து மூடியது.

"ரெண்டு," என்று ஸாதியா தலையாட்டினாள். குறை சொல்லும் சாயல் அவள் முகத்தில் தெரியவில்லை. "ஏன் பூச்சியம் சொல்லல்ல?"

அவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஏன் பத்து இல்லை என்று கேட்டால் சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது. சத்தம், கூச்சம், ஊர் வாய், காதுக்குப் பின்னால் ஊரும் கடி, எல்லாம் வரிசையாக நின்றன. ஏன் பூச்சியம் இல்லை என்று அவரே தன்னைக் கேட்டதில்லை. சுவரில் இருந்த காதுப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைக்கு வாற ஆக்கள் இரிக்காங்களே மிஸ்," என்று மெதுவாகத் தொடங்கினார். "அவங்க என்னப் பாத்துப் பேசுறல்ல. இவவப் பாத்துத்தான் பேசுற. கடை என்ட. நான் நடுவில நிக்கன். ஆனா சாமான் எடுத்துக் குடுக்க வெச்ச ஆள் மாதிரித்தான் நிக்கன்."

மூன்று வருடத்தில் அவர் இதைச் சபீனாவிடம் சொன்னதில்லை. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் பார்க்கவில்லை.

ஸாதியா அதற்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அது லேசான விசயமில்ல காக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு, அவரிடமே கேட்டுக் கேட்டு ஒரு ஏற்பாட்டைச் செய்தாள். கடையில் போட வேண்டாம். பள்ளிவாசலுக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். கலியாண வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். வீட்டில் ஆகச் சத்தம் குறைந்த நேரம் எது என்று கேட்டாள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம், அப்போது கடைக்கும் ஆள் வராது என்றார் அவர்.

"அப்ப தேத்தண்ணியோட போடுங்க. கோப்ப முடிஞ்சாக் கழட்டுங்க. இன்னும் கொஞ்சம் வெச்சிரிக்கலாமெண்டு தோணினா வெச்சிரிங்க. முதல்ல எல்லாச் சத்தமும் பெரிசாத்தான் கேக்கும். கன வருஷமா உங்கட மூள இதெல்லாம் கேக்கல்ல. எது வேணும், எது வேணாண்டு அது மறுகாப் பழக வேணும். அதுக்கு நாள் எடுக்கும்."

பிறகு சபீனாவிடம் திரும்பினாள். "ராத்தா, உங்களுக்கும் வேல இரிக்கி. போட்டீங்களாண்டு கேக்கப்படா. குசினிக்குள்ள நிண்டு கூப்பிடப்படா. அவருக்காக நீங்க பதில் சொல்லப்படா."

"மறுகா நான் என்னதான் மிஸ் செய்யிற?"

"முன்னால வந்து நிண்டு, மெல்லப் பேசுங்க. அவ்வளவுதான்."

பஸ்ஸில் திரும்பும்போது கல்லடிப் பாலம் தாண்டும்வரை சபீனா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கணவனின் காதாக இருந்து அவருக்கு உதவி செய்வதாகத்தான் அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

ஸாதியா சொன்னபடியே அவள் நடந்தாள். கேட்கவில்லை. கடைக்கு ஆள் வந்தால் வேண்டுமென்றே எழுந்து உள்ளே போய்விடுவாள். முத்தலிப்பும் அஸருக்குப் பிறகு தேத்தண்ணியோடு மெசினைப் போட்டார். அவர் போட்டாரா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது. மெசின் காதுக்குப் பின்னால் சின்னதாக உட்கார்ந்துகொள்ளும், தொப்பியும் நரைத்த முடியும் மறைத்துவிடும். அவள் கேட்காததால் அவரும் சொல்லவில்லை. நான்கைந்து நாட்களில் கோப்பைச் சத்தம் கோப்பைச் சத்தமாகவே கேட்கத் தொடங்கியது. முற்றத்துக் கொய்யாவில் ஒரு குருவி இருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தேத்தண்ணி முடிந்தும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

சபீனாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வேலை செய்துகொண்டே வாய்விட்டுப் பேசுவாள். முத்தலிப் வெளிநாட்டில் இருந்த காலத்தில் தனியாக இருந்து வந்த பழக்கம் அது. அவர் ஊருக்கு வந்த பிறகும் அது போகவில்லை, இன்னும் கூடியது. அவர் பக்கத்தில் இருந்தாலும் அவருக்குத்தான் கேட்காதே. மனதில் வருவதையெல்லாம் அவருக்கு நேரேயே, அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். சொன்னால் பாரம் குறையும்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு அவள் குசினி வாசலில் பலகைக்கட்டையில் உட்கார்ந்து றால் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்சம் தள்ளிக் கதிரையில், வாசல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கடலால களைச்சி வந்த ஆள் மாதிரி ஒரு இருப்பு," என்றாள் அவள் றால் சட்டியைப் பார்த்து. "தோஹால இருந்த மனிசன் எவ்வளவு நல்லம். ஒண்ணு சொன்னா ஒம்பது கேப்பாரு. மீன் வாங்கினெண்டா என்ன மீன், ஆரு கொண்டு வந்த, எப்படி ஆக்கின எண்டு கேப்பாரு. புள்ளக்கிக் காய்ச்சலெண்டா மூணு தரம் போன் எடுப்பாரு. இப்ப வீட்டுக்குள்ள ஆள் இரிக்காரு. ஆனா எனக்கு ஆள் இல்ல. யா அல்லாஹ், நான் வாழ்ந்தது அந்தப் போன்ல இருந்த மனிசனோடதான். இவர் ஆரெண்டே எனக்குத் தெரியா."

முத்தலிப்பின் காதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து அறைக்குள் போனார். இரண்டு மெசினையும் கழற்றினார். பெட்டியை அலுமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

அடுத்த நாள் போடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவர் முகம் வேறு மாதிரி இருப்பதை சபீனா கண்டாள். கேட்கப்படாது என்ற கட்டளை இருந்ததால் மெசினைப் பற்றிக் கேட்கவில்லை. "மேலுக்கு ஏலாதா, காய்ச்சலா?" என்று முன்னால் வந்து நின்று கேட்டாள். "இல்ல" என்றார். அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டது.

ஸாதியா சொன்ன தவணை வந்தபோது அவர் தனியாகப் போனார். சபீனா வெளிக்கிட்டு நின்றாள். "நான் போய்ட்டு வாறன்" என்று சொல்லிப் பஸ் ஏறிவிட்டார். அங்கே போய் மெசின் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"இத எடுத்துக்கங்க மிஸ். ஆருக்காவது குடுங்க."

ஸாதியா பெட்டியைத் தொடவில்லை. அவர் பேசட்டும் என்று காத்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். றால் உரித்தது முதல் சொன்னார். மனைவி சொன்ன கடைசிச் சொல்லைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "இதக் கேக்கத்தானா மிஸ் நான் இதப் போட்ட? கேக்காமலே இருந்திருக்கலாம்."

"நோகத்தான் செய்யும் காக்கா," என்றாள் ஸாதியா. கொஞ்சம் பொறுத்து, "அந்தப் போன்ல இருந்த மனிசன், அவரும் நீங்கதானே. அவர் என்ன செய்வாரு?"

"என்ன செய்யிற? வேல முடிஞ்சி வந்து எடுப்பன். எங்கட ரூம்ல எட்டுப் பேர். மேல் கட்டில் என்ட. போர்வைய இழுத்து மூடிட்டு, போனக் காதோட அமுக்கி வெச்சிருப்பன். இண்டைக்கு என்ன ஆக்கின எண்டுதான் முதல்ல கேப்பன். மறுகா அவ பேசுவா."

"நீங்க?"

"நான் கேட்டுட்டு இருப்பன்."

சொன்ன பிறகு அவர் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டதுபோல நிமிர்ந்தார். ஸாதியா சிரிக்கவில்லை.

"கடைசி வருஷங்கள்ல சத்தத்தக் கூட்டி வெச்சித்தான் கேப்பன்," என்றார். "வீட்டுக்கு வந்த பிறகு போன் பேசுற தேவ வரல்ல. இப்ப ஸுஹைனா எடுத்தாலும் எனக்கு வெளங்குறல்ல, இவக்கிட்டக் குடுத்திருவன்."

"உங்கட போனத் தாங்க காக்கா."

அவள் போனில் எதையோ தேடி, மெசினைப் பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டையும் இணைத்தாள். பிறகு மெசினை அவர் காதில் வைத்துவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு அறைக்கு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். மேசையில் இருந்த அவர் போன் அடித்தது. விரலால் அழுத்தினார்.

"காக்கா, கேக்குதா?"

குரல் அறைக்கு வெளியிலிருந்து வரவில்லை. இரண்டு காதுக்குள்ளும், போர்வைக்குள் வந்ததுபோல, நேரே வந்தது. முத்தலிப் போனைப் பார்த்தார். அது மேசையில் கிடந்தது.

"கேக்குது," என்றார். "மிஸ், நல்லாக் கேக்குது."

அவள் உள்ளே வந்ததும் அவர் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெட்டியையும் எடுத்துக்கொண்டார். அதை யாருக்கும் கொடுக்கும்படி மறுபடியும் சொல்லவில்லை.

காத்தான்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. வாவியை அந்த ஊரில் எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். ஆற்றங்கரைக்குப் போய் ஒரு சீமெந்துக் கட்டில் உட்கார்ந்தார். காற்று மெசினுக்குள் புகுந்து படபடவென்று அடித்தது. காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்ததும் அது அடங்கியது. சபீனாவின் நம்பரை அழுத்தினார்.

அங்கே போன் எடுபட்டது. "அல்லாஹ்! என்ன நடந்த? ஆரு பேசுற?" என்று சபீனாவின் குரல் பதறியது. ஊருக்கு வந்த நாளிலிருந்து முத்தலிப் அவளுக்குப் போன் எடுத்ததே இல்லை. அவருக்கு என்னவோ ஆகி, வேறு யாரோ அவர் போனில் பேசுகிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"நான்தான் புள்ள."

"உங்களுக்கு என்ன? எங்க இரிக்கீங்க? கேக்குதா? கே-க்-கு-தா?"

"கத்தாத. கேக்குது. மெல்லப் பேசு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்தது. அந்த மூச்சும் அவருக்குக் கேட்டது.

"இண்டைக்கு என்ன ஆக்கின?" என்று கேட்டார்.

சபீனா அழத் தொடங்கிவிட்டாள். சத்தமில்லாமல்தான் அழுதாள். அதையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிவிட்டு, "மணல மீன்கறியும் முருங்கையிலச் சுண்டலும்," என்றாள். "நீங்க வந்து சாப்பிடல்லயே."

"வாறன். புள்ள, நான் அண்டைக்குக் கேட்டுட்டன்."

"எத?"

"றால் உரிச்சிட்டுச் சொன்னத."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்களுக்குக் கேக்காதெண்டுதானே மச்சான் சொன்ன..." என்று அவள் குரல் மெலிந்து வந்தது.

"தெரியும். நோவாத்தான் இருந்த. ஆனா நீ பொய் சொல்லல்ல." அவர் நிறுத்திவிட்டுக் கேட்டார். "இந்த மூணு வருஷத்தில எனக்குக் கேக்காம வேற என்னெல்லாம் சொன்ன?"

"கனக்க."

"சொல்லு. நான் ஆத்தங்கரையிலதான் இரிக்கன். இருந்து கேக்கன்."

முதலில் அவள் சின்னச் சின்ன விஷயங்களாகச் சொன்னாள். ஸுஹைனாவின் மாமியாரோடு வந்த மனவருத்தம். கடைக் கதிரையில் இருந்து இருந்து இடுப்பு நோகிறது. அவர் தாடியை ஒதுக்காமல் விட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் "ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தோணியொன்று கரையை ஒட்டிப் போனது. சபீனா சொல்லிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நின்றாள்.

"இன்னொண்ணு இரிக்கி. கோவிக்கமாட்டீங்களே?"

"இல்ல."

"போன நோன்புக்குப் பிறகு எனக்கு நெஞ்சில ஒரு கட்டி வந்த. பக்கத்து வீட்டு இர்ஷானாவக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன. ஊசி போட்டு எடுத்துப் பாத்தாங்க. பயப்படுற கட்டி இல்லயாம், ஆனா மறுகா வந்து காட்டட்டாம். மகளுக்கும் சொல்லல்ல, அவ பயந்திருவா. வந்து உங்களுக்கிட்டத்தான் முதல்ல சொன்ன. நீங்க கடையில ஆணி பிரிச்சிட்டு இருந்தீங்க. கட்டி பயமில்லயாம் எண்டு சொன்னன்." அவள் குரல் தடுமாறியது. "நீங்க எனக்கு ஒரு பெட்டிய எடுத்து நீட்டினீங்க."

முத்தலிப்புக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. சபீனா பெட்டி கேட்டாள் என்று நினைத்து ஒரு வெறும் பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்திருந்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பிறகு அதை எதற்கு என்று அவர் கேட்டதும் இல்லை.

"சத்தமாச் சொல்லியிருக்கலாமே புள்ள."

"அது சத்தமாச் சொல்லுற விசயமா மச்சான்? கடையில ரெண்டு பேர் நிண்டாங்க. வீட்டுக்குள்ள சொல்லுறண்டாலும், தெருவுக்கே கேக்கக் கத்தித்தான் சொல்ல வேணும். நெஞ்சில கட்டியெண்டு கத்த எனக்கு வாய் வரல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சபீனா மூன்று வருடமாகச் சத்தமாகப் பேசிக்கொண்டே இருந்தாள். புளி, உப்பு, பைப், ஆணி எல்லாம் சத்தமாக அவருக்கு வந்து சேர்ந்தன. சத்தமாகச் சொல்ல முடியாத எதுவும் வந்து சேரவில்லை.

"நீ வை. நான் வாறன்," என்றார்.

"இல்ல, வைக்காதீங்க," என்றாள் அவள். "பேசிட்டே வாங்க."

அவர் பேசிக்கொண்டே நடந்தார். என்ன பேசினார்கள் என்பது பெரிய விஷயமில்லை. எந்தத் தெருவால் வருகிறீர்கள் என்று கேட்டாள், சொன்னார். வழியில் நௌஷாட் சைக்கிளை நிறுத்திக் கையைக் காட்டினான். முத்தலிப் காதைத் தொட்டுக் காட்டி, "வீட்டோட பேசிட்டு இரிக்கன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். வீட்டு வாசலில் சபீனா போனைக் காதில் வைத்தபடி நின்றாள். கண் சிவந்திருந்தது. அவர் உள்ளே வந்து அவள் கையிலிருந்து போனை வாங்கி வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. அஸருக்குப் பின் ஆற்றங்கரையில் இருந்து பேசுவது மட்டும் நாள் தவறாமல் நடந்தது. அவர் போனில் கேட்பார், அவள் வீட்டு வேலை செய்துகொண்டே பேசுவாள். ஒரே ஊரில் இருந்துகொண்டு என்ன போன் பேச்சு என்று இர்ஷானா பகிடி பண்ணினாள். வீட்டுக்கு வந்த பிறகு மெசினைக் கழற்ற மறந்துபோய்விடுவார். அப்படித்தான் அது இரவு இஷா வரைக்கும் நீண்டது. பிறகு காலையிலும் போட்டார். சொந்தக்காரர் கலியாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய், மண்டபத்துச் சத்தம் தாங்காமல் பாதியில் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தகரக் கூரையில் மழை கொட்டிய ஒரு நாள் முழுக்கப் போடவே இல்லை. ஸாதியாவிடம் அதைச் சொன்னபோது, "அதுக்கென்ன, நாளைக்குப் போடுங்க," என்றாள். பத்துக்கு எத்தனை என்று மறுபடியும் கேட்டாள். "ஏழு" என்றார். ஏன் ஆறு இல்லை என்று அவள் கேட்க, அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். காரணத்தைச் சொல்லவில்லை.

கடையில் போடத் துணிந்தது கடைசியாகத்தான். முதல் நாள், வந்தவர் பழக்கத்தில் உள்ளே எட்டிப் பார்த்து, "ராத்தா இல்லயா?" என்று கேட்டார். "நான் இரிக்கன். என்ன வேணும்?" என்றார் முத்தலிப். அரை இன்ச் பைப் எல்போவா முக்கால் இன்ச்சா என்பது சரியாக விளங்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். வந்தவர் சொன்னார். சபீனா உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று, வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் பழக நாள் எடுத்தது. வாய்விட்டுப் பேசிக்கொண்டே வேலை செய்கிற சுதந்திரம் போய்விட்டது. ஏதாவது முணுமுணுத்தால் "என்ன புள்ள?" என்று முன்னறையிலிருந்து கேள்வி வந்தது. "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, திட்டுவதற்குப் பின்வளவுக்குப் போனாள். ஆனால் திட்டுவதற்கு முன்னைப்போல நிறைய இருக்கவில்லை.

கட்டியைக் காட்ட வரச் சொன்ன நாள் வந்தது. இந்த முறை இர்ஷானாவைக் கூப்பிடவில்லை. முத்தலிப் தாடியை ஒதுக்கி, மெசினுக்குப் புது பெட்டரி போட்டு, அவளோடு ஓட்டோவில் ஏறினார். ஆஸ்பத்திரியில் நீண்ட வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.  ஸ்கேன் முடிந்து உள்ளே கூப்பிட்டபோது அவரும் கூடப் போனார்.

டொக்டர் இளம் பெண். முகக்கவசம் போட்டிருந்ததால் வாய் தெரியவில்லை. முன்பென்றால் அவர் அந்த அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். இப்போது கதிரையை அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டார். ஒரு சொல் தவறிப்போனது. "மன்னிக்க வேணும் டொக்டர், அத மறுகாச் சொல்லுங்க," என்று கேட்டு வாங்கினார். இடையில் நோவு வந்தால் வரலாமா என்றும் கேட்டார்.

வெளியே நடையில் வந்ததும் சபீனா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"என்ன மச்சான் சொன்னாங்க? எனக்கு ஒண்ணும் கேக்கல்ல. அவ பேசத் தொடங்கினதும் காது அடைச்சிப் போச்சு."

முத்தலிப் அவளை ஓர் ஓரமாகக் கூட்டிப்போய் வாங்கில் இருத்தி, பக்கத்தில் உட்கார்ந்தார். நடையில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவள் முகத்துக்கு நேரே குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லச் சொன்னார்.

"பெருக்கல்லயாம். போன தரம் இருந்தபடிதான் இரிக்காம். அது கெட்ட கட்டி இல்லயாம். வெட்ட வேணாமாம். வருஷத்துக்கு ஒருக்கா வந்து காட்டினாக் காணுமாம்."

சபீனா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் நிறைந்து நின்றது.

"மறுகாச் சொல்லுங்க," என்றாள்.

அவர் முதலிலிருந்து சொன்னார்.